புகுந்த ஊரின் தாய்

வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் பேசும்பொழுது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இருபது ஆண்டுகளாகக் குடியிருந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, அவர்களுக்குக் கல்வியும் அளித்த நகரத்தை 'இந்த ஊர்' என்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் பத்து நாள் சென்று வரும் இடத்தை 'நம்ம ஊர்' என்பார்கள். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. பிறந்த மண்ணின்மீது பற்றில்லாதவனுக்கு வேறெந்த மண்ணின்மீதும் பற்று உண்டாவது அரிது. ஆயினும், நாம் 'இந்த ஊர்' என்று சுட்டுகின்றோமே, அந்த ஊர் நம்மை யாரென்று சொல்லும்? நாம் இல்லாமற்போனால் நம் தெருவில் யாருக்கேனும் ஒரு குறை தோன்றுமா? இக்கேள்வியை அவ்வப்போது நமக்கு நாமே கேட்டுக்கொள்வது நன்று.

இதற்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கூறிச் சென்ற அம்மையார் ஒருவர் உண்டு. சென்னையிற் பிறந்து, கான்பூரில் அறுபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 2012-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், 97-ஆம் வயதில் அந்நகரிலேயே கண்மூடிய டாக்டர் லட்சுமி சாகல் அவர்களே அவர். 'கேப்டன் லட்சுமி' என்றால் நேயர்கள் யாவருக்கும் உடனே விளங்கும். நேதாஜியின் படையில் மாதர் பிரிவுக்குத் தலைமை தாங்கிய வீராங்கனை என்று பள்ளிப் பிள்ளைகளும் கூறுவர். ஆனால் பாடப் புத்தகம் அத்துடன் நின்றுவிடுகிறது. அவர் படைச் சீருடை அணிந்திருந்த காலம் ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை அணிந்து ஏழைகளின் நாடி பார்த்த காலமோ அறுபதாண்டுகளுக்கும் மேல். ஒரு வீட்டின் தாயாகவும் பாட்டியாகவும், ஒரு நகரத்தின் வைத்தியராகவும் அவர் வாழ்ந்த அந்த நெடிய வாழ்வையே இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

அன்னையார் விதித்த நிபந்தனை

லட்சுமி அம்மையாரை அறிய வேண்டுமானால் அவரை ஈன்ற அன்னையாரை முதலில் அறிதல் வேண்டும். பாலக்காட்டுப் பக்கத்து ஆனக்கரை என்னும் சிற்றூரில், 1894-ஆம் ஆண்டு ஒரு பெரிய மலையாளக் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அம்மு. பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் அல்லர். வீட்டில் கற்ற எழுத்தே அவருடைய கல்வி. பதின்மூன்று வயதில் அவரை மணம் பேச வந்தவர் சுவாமிநாதன் என்னும் தமிழர். வயதில் பெரிதும் மூத்தவர். பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கியவர்.

அச்சிறுமி நாணிக் கதவின் பின்னே ஒளியவில்லை. மூன்று நிபந்தனைகள் விதித்தாள். கிராமத்தில் அல்ல, சென்னையில் வாழ வேண்டும் என்பது ஒன்று. ஆங்கிலம் கற்பிக்க ஓர் ஆசிரியை வேண்டும் என்பது இரண்டு. வெளியே சென்றால், 'எத்தனை மணிக்குத் திரும்புவாய்?' என்று ஒருவரும் கேட்கலாகாது என்பது மூன்று. தன் சகோதரர்களை எவரும் அவ்வாறு கேட்பதில்லையே என்பது அவள் கூறிய காரணம். சுவாமிநாதன் மூன்றுக்கும் இசைந்தார். மணமும் நடந்தது.

அந்த மூன்றாம் நிபந்தனை விளையாட்டுப் பேச்சன்று என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 1917-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் முதல் உறுப்பினர்களுள் அம்மு சுவாமிநாதனும் ஒருவர். விடுதலைப் போரில் சிறை சென்றார். நாட்டின் அரசியல் சாசனத்தை வகுத்த நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் சார்பில் அமர்ந்தார். 1952-ஆம் ஆண்டின் முதற் பொதுத் தேர்தலில், திண்டுக்கல் மக்கள் அவரைத் தங்கள் பிரதிநிதியாக மக்களவைக்கு அனுப்பினர். ஆனக்கரையில் பிறந்த மலையாளப் பெண்ணைத் தமிழர் தம்மவராக ஏற்றுக்கொண்ட இச்செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். கதையின் பிற்பகுதியில் இதற்கு ஓர் எதிரொலி உண்டு.

பாட்டியாரும் பேத்தியும்

1914-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் லட்சுமி பிறந்தார். சென்னையில் வளர்ந்த அச்சிறுமி கேரளத்தில் இருந்த பாட்டியார் வீட்டுக்குச் செல்வதுண்டு. அவ்வீட்டைச் சூழ்ந்த மலைகளிலும் காடுகளிலும் வாழ்ந்த எளிய மக்களின் கூவற்குரல் அங்குக் கேட்கும். அவர்தம் நிழல் பட்டாலும் தீட்டு என்பது பாட்டியாரின் எண்ணம். அக்காலத்து மூத்தோர் பலரின் எண்ணமும் அதுவே. ஒருநாள் பேத்தி நேரே சென்று, அம்மக்களுள் ஒரு சிறுமியின் கையைப் பிடித்து விளையாட அழைத்துவந்துவிட்டாள். பாட்டியாருக்குக் கடுங்கோபம். பேத்திக்கும் அதே அளவு கோபம். முடிவில் வென்றது பேத்திதான் என்று அம்மையாரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு.

அன்பில்லாத பாட்டியார் என்று எவரும் கருத வேண்டா. தம் வீட்டுக் குழந்தைகளின்மேல் அவருக்கு அன்பு இருந்தது. ஆனால் அந்த அன்புக்கு ஒரு வேலி இருந்தது. வேலிக்கு உள்ளே இருப்போர் நம்மவர், வெளியே இருப்போர் பிறர் என்பது அவர் கொண்ட கணக்கு. பேத்தி அந்த வேலியை ஒரு குழந்தையின் கையைப் பற்றித் தாண்டினாள். அன்றுதொட்டு 97-ஆம் வயது வரையில் அவர் செய்ததெல்லாம் இந்த ஒரு செயலின் விரிவே எனலாம்.

கடல் கடந்த வைத்தியர்

இராணி மேரிக் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1938-ஆம் ஆண்டு லட்சுமி மருத்துவப் பட்டம் பெற்றார். அதன்பின் மகப்பேற்று மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சியும் பெற்றார். விமானி ஒருவரோடு நடந்த முதல் திருமணம் நிலைக்கவில்லை. 1940-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்.

சிங்கப்பூரிலும் மலேயாவிலும் அக்காலத்தில் இருந்த இந்தியருள் பெரும்பாலோர் தமிழர். கங்காணிகள் திரட்டி அழைத்துச் சென்ற தோட்டத் தொழிலாளர்களும், துறைமுகத்தில் சுமை தூக்கியோரும், கடைச் சிப்பந்திகளும் அவருள் அடங்குவர். வெள்ளைக்கார வைத்தியரிடம் செல்லக் கையில் காசும் இல்லை, நோயைச் சொல்லுவதற்கு மொழியும் இல்லை. லட்சுமி அம்மையார் தொடங்கிய சிறு வைத்தியசாலை அத்தகைய ஏழைகளுக்காகவே இயங்கியது. பிறந்த ஊரைவிட்டு வந்தவர்களுக்குத் தம் மொழியில் நோயைச் சொல்லக் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, அயல் மொழி வழங்கும் நகரத்து ஆஸ்பத்திரிகளில் சைகை காட்டி நின்ற அனுபவமுடைய நம் தாய்மார்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அம்மையார் அங்கேயே இருந்து, காயமுற்ற போர்க் கைதிகளுக்கு வைத்தியம் செய்தார். அதே ஆண்டில் இங்கு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் அவருடைய அன்னையார் கைதாகி வேலூர்ச் சிறையில் அடைபட்டார். நடுவில் கடல். கடலின்மேல் போர். இக்காலத்தில் மகன் அமெரிக்காவிலிருந்து ஒருநாள் பேசவில்லை என்றால் நாம் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால், அந்தத் தாயின் மனவுறுதி ஒருவாறு விளங்கும்.

தோட்டத்துப் பெண்கள்

1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பெண்களும் ஆயுதம் ஏந்த வேண்டும் என்பது அவர் கொள்கை. பதினைந்து வருடங்களுக்கு முன், 1928-ஆம் ஆண்டு கல்கத்தா காங்கிரசுக்கு அன்னையாருடன் சென்றிருந்த பள்ளிச் சிறுமி லட்சுமி, தொண்டர் படையை நடத்திச் சென்ற போஸை அங்குக் கண்டதுண்டு. இப்பொழுது அவர் முன் நின்றவர் இருபத்தெட்டு வயது வைத்தியர். நேதாஜி வந்த சில நாட்களிலேயே இருபது பெண்களைத் திரட்டி, சேலை உடுத்திய கைகளில் துப்பாக்கியைக் கொடுத்து, அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்வித்தார். அக்டோபர் மாதத்தில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கிற்று. அம்மாதம் 21-ஆம் நாள் அமைந்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் மாதர் நலத்துக்குப் பொறுப்பேற்ற ஒரே பெண் அமைச்சரும் அவரே.

இப்படையில் சேர்ந்தவர் யார்? பெரும்பாலோர் மலேயா ரப்பர்த் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணாலும் கண்டவர் அல்லர். பெற்றோர் சொல்லக் கேட்ட ஊரே அவர்களுக்கு இந்தியா. படையின் கட்டளை மொழி இந்துஸ்தானி. வீட்டில் தமிழ், தோட்டத்தில் மலாய், முகாமில் இந்துஸ்தானி என்று மும்மொழியில் பழகினர் அப்பெண்கள். கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பத்திற் பிறந்த ஜானகி தேவர், நேதாஜியின் கூட்டத்தில் தம் வைரத் தோடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்து, பின்னர் அப்படையின் தலைவியருள் ஒருவராக உயர்ந்தார். தோட்டத்துக் கூலியின் மகளும் வைரத்தோடு அணிந்தவளும் ஒரே வரிசையில் நின்ற காட்சி நம் இனத்தின் வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைப்பதன்று.

படை பர்மா சென்றது. போர் தோல்வியில் முடிந்தது. 1945-ஆம் ஆண்டு மே மாதம் அம்மையார் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, பர்மாவிலேயே காவலில் வைக்கப்பட்டு, 1946-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். வீரக்கதை இங்கு முடிகிறது. நாம் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது.

கான்பூரில் ஒரு வைத்தியசாலை

தில்லிச் செங்கோட்டையில் நடந்த புகழ்பெற்ற வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட மூவருள் ஒருவர் கர்னல் பிரேம் குமார் சாகல். பஞ்சாபியர். 1947-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லாகூரில் அவருக்கும் லட்சுமி அம்மையாருக்கும் திருமணம் நடந்தது. ஐந்து மாதம் கழித்து லாகூர் வேறொரு நாட்டில் இருந்தது. கணவருக்குக் கான்பூர் நெசவாலையில் வேலை. மனைவிக்குச் சென்னை, கணவருக்குப் பஞ்சாப், இருவருக்கும் கான்பூர் புதிய ஊர். உத்தியோக நிமித்தமாக ஓர் ஊரில் வந்து இறங்கிப் பெட்டியைப் பிரிக்கும் குடும்பங்களுள் ஒன்றாகவே அவர்களும் அங்கு வந்து சேர்ந்தனர். நம்மில் பலருடைய கதையும் அவ்வாறுதானே தொடங்கியது?

கங்கைக் கரையில் ஆலைப் புகை சூழ்ந்த தொழில் நகரம் கான்பூர். பிரிவினையின் பின் அகதிகள் ஆயிரக்கணக்கில் அங்கு வந்து குவிந்தனர். வீடிழந்து வந்த இந்துக்களும் இருந்தனர். அஞ்சி ஒடுங்கிய முஸ்லிம்களும் அதே நகரில் இருந்தனர். இரு சாராரும் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்த அந்நாளில், இரு சாரார் வீட்டுக்குள்ளும் சென்று வைத்தியம் பார்க்கக்கூடிய வெகு சிலருள் லட்சுமி அம்மையாரும் ஒருவராயிருந்தார். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்கு வைத்தியரின் ஜாதியும் மதமும் நினைவுக்கு வருவதில்லை. அவ்வைத்தியருக்கும் அவை நினைவுக்கு வரவில்லை என்பதே அவரை இருசாராரும் நம்பியதற்குக் காரணம்.

அவ்வாண்டிலேயே மூத்த மகள் சுபாஷினி பிறந்தார். பின்னர் மற்றொரு மகளும் பிறந்தார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அகதிகளுக்கு வைத்தியம் செய்வது எளிதன்று. குழந்தைகள் வளர்ந்தபின் பொதுப்பணி செய்யலாம் என்று தள்ளிவைப்பது நம் வீடுகளில் இயல்பு. குழந்தைகள் வளர்ந்தபின் பேரக்குழந்தைகள் வந்துவிடுவர். பிறகு முழங்கால் வலியும் வந்துவிடும். தள்ளிவைத்த பணி தள்ளியே நிற்கும். அம்மையார் எதையும் தள்ளிவைக்கவில்லை. வைத்தியசாலையும் குடும்பமும் ஒருங்கே வளர்ந்தன. கைக்கெட்டும் கட்டணத்தில், காசில்லாதோர்க்கு அதுவும் இன்றி, ஆலைத் தொழிலாளியின் மனைவியரும் ரிக்ஷாக்காரரின் பெண்டிரும் அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்டனர். தாய்க்குப் பிரசவம் பார்த்த கையே பின்னாளில் மகளுக்கும் பார்த்தது. ஒரு நகரத்துக்குப் பாட்டியாவது இவ்வாறுதான்.

1971-ஆம் ஆண்டு கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் நம் எல்லைக்குள் வந்தபொழுது, ஐம்பத்தாறு வயதான அம்மையார் கான்பூரை விட்டுப் புறப்பட்டு, எல்லையோரத்துப் பாங்காவ் முகாமில் பல வாரங்கள் தங்கி வைத்தியம் செய்தார். அதே ஆண்டில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். 1981-ஆம் ஆண்டு சென்னையில் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தோன்றியபொழுது அதன் நிறுவனருள் ஒருவராக இருந்தார். அவருடைய அரசியலை ஏற்போரும் ஏற்காதோரும் நம் சங்கத்தில் உண்டு. அதைப் பற்றி இங்கு வழக்காட வரவில்லை. அவருடைய வைத்தியசாலையில் நோயாளியின் கட்சி எது என்று கேட்கும் வழக்கம் இருக்கவில்லை என்பதே நாம் கருதத்தக்கது.

தெருவில் நின்ற தாய்

ஊரோடு ஒட்டி வாழ்தல் எளிது. ஊர் பிழை செய்யும் நாளில் அதனை எதிர்த்து நிற்றல் அரிது. அந்நாள் 1984-ஆம் ஆண்டு வந்தது. அக்டோபர் 31-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் கொலையுண்டார். அதன் பின் தில்லியிலும் கான்பூரிலும் வேறு பல நகரங்களிலும் சீக்கியர்மீது வெறிக்கும்பல்கள் பாய்ந்தன. கடைகள் எரிந்தன. குற்றமறியாத மக்கள் கொல்லப்பட்டனர்.

வெளியூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அத்தகைய நாளில் என்ன செய்யும்? உள்ளதைச் சொல்லுவோம். கதவைத் தாழிடும். ஜன்னற் கதவையும் சாத்தும். 'நமக்கேன் வம்பு, நாம் வந்தேறிகள்' என்று குழந்தைகளை உள்ளறையில் அமர்த்தும். அச்சம் மானிட இயல்பு. அதைப் பழிக்க நமக்கு வாயில்லை. எழுபது வயதான லட்சுமி அம்மையார் தெருவில் இறங்கினார். கும்பலின் முன் நேரே நின்றார். மக்கள் நெருக்கம் மிகுந்த அப்பகுதியில், தம் வைத்தியசாலையைச் சுற்றியிருந்த சீக்கியர் ஒருவரும் அவர்தம் கடை ஒன்றும் தாக்கப்படாதவாறு காத்தார்.

ஒரு மூதாட்டியால் வெறிகொண்ட கும்பலை எங்ஙனம் தடுக்க முடிந்தது? அவரிடம் காவலரும் இல்லை, ஆயுதமும் இல்லை. ஒரு காரணம் நமக்குத் தோன்றுகிறது. கும்பல் என்பது முகமற்றது. அதில் உள்ள ஒவ்வொருவனுக்கும் தன்னை எவரும் அறியார் என்ற எண்ணம் இருக்கும்வரையே அதற்கு வலிமை. எதிரே நிற்பவரோ முப்பத்தேழு ஆண்டுகளாக அந்நகரத்துத் தாய்மாருக்குப் பிரசவம் பார்த்தவர். அவர் கண்ணெதிரே கல்லை ஓங்குவது எளிதன்று. அந்த ஒரு நாளின் துணிவு ஒரு நாளில் வந்ததன்று. ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்து வைத்து, ஒவ்வொரு நோயாளியாகச் சேர்த்துவைத்த செல்வம் அது. அவ்வாறு சேர்த்து வைக்காதவன் ஆபத்து நாளில் தெருவில் இறங்கினாலும் அவன் சொல் எடுபடாது.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவு கடந்து போபாலில் நச்சுவாயு பரவி ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அம்மையார் மருத்துவக் குழு ஒன்றைத் தலைமை தாங்கி அழைத்துச் சென்றார். பல ஆண்டுகள் கழித்து, அந்த நச்சுவாயு கர்ப்பிணிகளிடம் விளைவித்த நெடுநாள் கேட்டினைப் பற்றி அறிக்கையும் எழுதினார். செய்தித்தாள்கள் மறந்த பின்னரும் மறவாதிருப்பதே தாயின் இயல்பு.

எதிரொலி

ஆனக்கரைப் பெண்ணைத் திண்டுக்கல் மக்கள் தேர்ந்தெடுத்த செய்தியை நினைவில் இருத்தச் சொன்னோம் அல்லவா? முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1989-ஆம் ஆண்டுத் தேர்தலில் கான்பூர் மக்கள் தங்கள் மக்களவைப் பிரதிநிதியாகச் சுபாஷினி அலி அவர்களைத் தேர்ந்தெடுத்தனர். அம்மு அம்மையாரின் பேத்தி, லட்சுமி அம்மையாரின் மகள். சென்னையிலிருந்து வந்த தாய்க்கும் பஞ்சாபித் தந்தைக்கும் பிறந்த ஒரு பெண்ணை, இந்தி வழங்கும் பெருநகரம் தன் மகளாக ஏற்றது. பாட்டி ஓர் ஊரில் விதைத்ததைப் பேத்தி மற்றோர் ஊரில் அறுவடை செய்தாள். 'எங்களை இவ்வூரார் அயலாராகவே கருதுகின்றனர்' என்று நாம் குறைப்படும்பொழுதெல்லாம் இவ்விரு தேர்தல்களையும் எண்ணிக்கொள்ளலாம்.

அம்மு அம்மையாரின் மற்றொரு மகளான மிருணாளினி சாராபாய் அகமதாபாத்தில் மணவாழ்க்கை தொடங்கி, 1949-ஆம் ஆண்டு தர்ப்பணா கலைக்கழகத்தை அங்கே நிறுவி, தென்னாட்டு ஆடற்கலையைக் குஜராத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். சகோதரியர் இருவர், இருவருக்கும் புகுந்த ஊர் வேறு. ஒருவர் வைத்தியத்தைக் கொடுத்தார். மற்றவர் கலையைக் கொடுத்தார். இருவரும் தாம் கொண்டுவந்ததைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவில்லை.

மூன்றாம் தலைமுறையில் ஓர் இனிய செய்தி. லட்சுமி அம்மையாரின் பேரர் ஷாத் அலி திரைப்பட இயக்குநர். இயக்குநர் மணிரத்னத்திடம் தொழில் பயின்றவர். 2002-ஆம் ஆண்டு அவர் இயக்கிய முதற் படமான 'சாத்தியா', நம்மவர் நன்கு அறிந்த 'அலைபாயுதே' படத்தின் இந்தி வடிவம். பாட்டியார் பிறந்த நகரத்துக் கதையைப் பேரர் இந்திக்கு எடுத்துச் சென்றார். தமிழ் வேர் நம் பிள்ளைகளிடம் எவ்வடிவில் மீண்டும் துளிர்க்கும் என்று எவரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்?

அவ்வாண்டிலேயே குடியரசுத் தலைவர் தேர்தலும் வந்தது. இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் ஒரு பக்கம். இடதுசாரிக் கட்சிகள் நிறுத்திய லட்சுமி அம்மையார் மறு பக்கம். வாக்குகளின் மதிப்பு கலாமுக்கு 9,22,884, அம்மையாருக்கு 1,07,366. தோல்வி உறுதி என்று அறிந்தே எண்பத்தேழு வயதில் களத்தில் நின்றவர் அவர். நாட்டின் முதற் குடிமகன் பதவிக்குப் போட்டியிட்ட இருவருமே தமிழகத்திற் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை வெளியே கழித்தவர்கள் என்பதை வெளி மாநிலத் தமிழர் நினைத்து மகிழலாம். தேர்தல் முடிந்தது. கலாம் இராஷ்டிரபதி மாளிகைக்குச் சென்றார். அம்மையார் கான்பூருக்குத் திரும்பி நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1998-இல், அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்திருந்தது. விருது பெற்றபின் ஓய்வு கொள்வது வழக்கம். அவரோ தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் வைத்தியசாலைக்குச் செல்வதை நிறுத்தவில்லை.

கடைசிக் கொடை

2012-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. சில நாட்களில் உயிர் பிரிந்தது. அவர் விருப்பப்படி உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு அளித்தனர். சென்னையில் மருத்துவம் கற்ற மாணவி, முக்கால் நூற்றாண்டு கழித்து, கான்பூர் மாணவருக்குத் தம் உடலையே பாடமாகத் தந்தார். 'இந்த ஊர்' என்றும் 'நம் ஊர்' என்றும் இரண்டு அவருக்கு இருந்திருப்பின், உடலேனும் 'நம் ஊர்' திரும்ப வேண்டும் என்று தோன்றியிருக்கும். அவருக்கு ஊர் ஒன்றே.

நேயர்களே, நம் வீட்டுத் தாய்மாரும் பாட்டிமாரும் படை நடத்த வேண்டும் என்று இக்கட்டுரை கூற வரவில்லை. வைத்தியம் கற்றவர்களும் நம்முள் சிலரே. ஆனால் அம்மு அம்மையாருக்கு இருந்த மூன்றாம் நிபந்தனை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கக்கூடியது. மாலையில் பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பாட்டியார் புறப்பட்டால், 'எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? காப்பி யார் போடுவது?' என்று வீட்டார் கேளாதிருக்கட்டும். நம் தெருவில் புதிதாக வந்திறங்கும் அயல்மொழிக் குடும்பத்துப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல ஒருவர் முன்வரட்டும். நம் சங்கத்து விழாவுக்கு அடுத்த வீட்டாரையும் அழைப்போம். பொங்கலை அவர்களும் சுவைக்கட்டும்.

நாற்றங்காலில் முளைக்கும் பயிர் அங்கேயே நின்றுவிட்டால் கதிர் தருவதில்லை. பிடுங்கி வேறு வயலில் நட்டபின், அம்மண்ணின் நீரை உண்டு, அம்மண்ணுக்கே நெல்லைத் தருகிறது. நாம் பிடுங்கி நடப்பட்டவர்கள். வேர் பிடித்தும் விட்டோம். கதிரை எங்கே கொடுப்பது என்பதுதான் இப்பொழுது நாம் முடிவுசெய்ய வேண்டியது.